அக்கரப்பத்தனைப் பக்கம் சைக்கிள் பயணம்: தோட்டப் பாதைகளில் வழி கண்டுபிடிப்பது எப்படி?

கொட்டகலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் பிறந்து வளர்ந்த நான் இப்போது தெற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் வேலை செய்கிறேன். அந்த நகரம் முந்நூறு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது; ஊர் எல்லையைத் தாண்டியதுமே 1284 மீற்றர் உயரமான ஷவுயின்ஸ்லாண்ட் மலையும், அதற்கும் அப்பால் 1493 மீற்றர் உயரமான ஃபெல்ட்பெர்க்கும் என ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காடு விரிந்துவிடும். சைக்கிளின் இரு பக்கமும் பை கட்டிக்கொண்டு அந்தக் காடுகளில் சுற்றுவது எனக்குப் பழக்கம். வழி தவறுவதும் பழக்கந்தான். ஆனால் அங்கே வழி தவறியவர் அடுத்த சந்தி வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் போதும். ஒரு கம்பத்தில் அந்த இடத்தின் பெயர், அதன் உயரம், அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

ஊருக்கு வந்திருந்தபோது சித்தப்பாவின் மகனோடு தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போகப் புறப்பட்டேன். ஏ7 வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போக விருப்பமில்லாததால், லிந்துலையில் அந்த வீதியை விட்டு அக்கரப்பத்தனைப் பக்கம் திரும்பி, தேயிலைத் தோட்டப் பாதைகளாலேயே அம்பேவலைக்கு ஏறி, அங்கிருந்து நுவரெலியாவை அடைவது என்பது எண்ணம். கைபேசிச் செயலியும் முழுத் தூரத்துக்கும் கோடு போட்டுத் தந்தது.

கொங்கிரீட் பாதை சிறிது தூரத்தில் கல் பாவிய பாதையாகி, பிறகு நடுவில் புல் முளைத்த மண் பாதையாகி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவம் ஒன்றின் வாசலில் நின்றுவிட்டது. தகரக் கூரை, தராசு மாட்டும் கொக்கி, சுவரில் சாய்த்து வைத்த இரண்டு கூடைகள்; அதற்கு அப்பால் தேயிலைக்குள் ஏறும் படிக்கட்டைத் தவிர ஒன்றுமில்லை. செயலியின் கோடு அந்தப் படிக்கட்டின் மேலேயே போயிற்று. திரும்பி வந்து இன்னொரு பாதையைப் பிடித்தால், அது மலையை வளைத்துக்கொண்டு போய், காலையில் நாங்கள் கடந்த அதே ஃபெக்டரிக்குப் பின்னால் இறக்கிவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் அன்பாகவே பதில் சொன்னார்கள். "மேல போனா ரோட்டு வரும்" என்றார்கள். ரோட்டும் வந்தது, ஆனால் அது எங்களுக்கு வேண்டிய ரோட்டு அல்ல. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட, கொழுந்து லொறி ஒன்றில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.

அடுத்த விடுமுறையில் அதே பயணத்தை மறுபடியும் செய்ய நினைக்கிறேன். பெயர்ப்பலகையே இல்லாத தோட்டப் பாதைகளில், அந்தந்த இடத்தைச் சேராத ஒருவர் வழியை எப்படிக் கணிக்கலாம் என்பதே என் கேள்வி. "ஆட்டோ பிடித்துப் போங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மேற்கணக்கு எழுதியது:

தம்பி, பல தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தோட்டப் பாதை ஊருக்கு ஊர் போவதற்காக வெட்டப்பட்டதல்ல, கொழுந்து ஃபெக்டரிக்குப் போய்ச் சேருவதற்காக வெட்டப்பட்டது. பறித்த கொழுந்து கூடைக்குள் சூடேறிக் கெடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்; அந்தக் காலத்தில் அதை ஏற்றியது மாட்டுவண்டி. மாடு இழுக்கக்கூடிய சரிவில் பாதை வெட்டுவதென்றால் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வரத்தான் வேண்டும். எதிர்ச் சரிவில் கூப்பிடு தூரத்தில் தெரியும், தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பாதையால் போக அரை மணி நேரம் ஆவது இதனால்தான். தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்து "இதோ வந்துவிட்டோம்" என்று நினைப்பவர் மலைநாட்டில் ஏமாந்துதான் போவார்.

ஒரு தோட்டத்துப் பாதைகள் எல்லாம் ஃபெக்டரியில் கூடும். ஃபெக்டரியிலிருந்து பெரிய வீதிக்கு ஒரு பாதை போகும். பக்கத்துத் தோட்டம் வேறு கம்பனி, வேறு துரை (தோட்ட நிர்வாகி) என்பதால், அங்கே வண்டி போவதற்குப் பாதை வெட்டவேண்டிய தேவை அப்போது யாருக்கும் இருக்கவில்லை. எல்லைவரை வந்த பாதை எல்லையிலேயே முடிந்துபோவது அதனால்தான். எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோதும் பலகையில் பெயர் மாறியதே தவிர, பாதைகள் வெட்டிய மாதிரியேதான் கிடக்கின்றன. நீங்கள் போட்ட கோடு பல தோட்ட எல்லைகளை ஊடறுத்துப் போயிருக்கிறது. ஒவ்வோர் எல்லையிலும் உங்களுக்கு இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

வழிகாட்டிப் பலகை இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. அவற்றில் கிலோமீற்றர் கல் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. தோட்டப் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதற்கே சட்டம் இடையூறாக இருந்தது. லயத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அந்த லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு பலகை நட முடியாமல் இருந்தது. சரி, அதைப் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஆனாலும் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு மலைக்கும், அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும், இலக்கம் உண்டு. பாதையோரத்துச் சிறு பலகையிலோ கல்லிலோ மலையின் இலக்கமும் பரப்பளவும், சில இடங்களில் தேயிலை நட்ட ஆண்டும் கவ்வாத்து வெட்டிய ஆண்டும் எழுதியிருப்பார்கள். போகப் போக அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஆறாம் நம்பர் மலையிலிருந்து ஃபெக்டரிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால் கொழுந்து பறிக்கும் அம்மாவோ, கங்காணியோ, வாச்சரோ யாரும் தடுமாறமாட்டார்கள். "நுவரெலியாவுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், அவர்கள் நுவரெலியாவுக்குப் போகும் விதத்தைத்தான் சொல்வார்கள், அது பஸ் நிற்கும் சந்திக்குப் போகும் குறுக்குப் பாதை. அந்தப் பாதையில் நீங்கள் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும். ஆகவே எங்கே கேட்டாலும் "லொறி போற பாதை எது?" என்று கேளுங்கள். லொறி போகும் பாதையில் சைக்கிள் போகும்.

இன்னொன்று. இரு பக்கமும் பூச்செடி நட்டு, குழியில்லாமல் பராமரித்த பாதை ஒன்று கண்ணில் பட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது துரை பங்களாவில் போய் முடியும். கேட்டில் நாய் நிற்கும்.

திசை தெரியாமல் போனால் தண்ணீரைப் பாருங்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்து நீர் ஆக்ரா ஓயாவில் சேர்ந்து, கொத்மலை ஓயாவாகத் தலவாக்கலையில் உள்ள மேல்கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பாலத்தைக் கடக்கும்போது நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு கணம் நின்று பார்த்தால், தலவாக்கலை எந்தப் பக்கம், ஏறவேண்டிய மேட்டுநிலம் எந்தப் பக்கம் என்பது தெளிவாகும். திசை அறிய மட்டுமே இது உதவும். ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கலாம் என்று எண்ணக்கூடாது. டெவன் அருவியையும் சென்கிளேயர் அருவியையும் பார்த்து வளர்ந்த கொட்டகலைக்காரருக்கு அதற்கான காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதேபோல, எதிரே பாதை தெரிகிறதே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தேயிலைக்கு ஊடாகக் குறுக்கே ஏறவும் வேண்டாம். செடிக்கு அடியில் குளவிக்கூடு இருப்பது மேலிருந்து தெரியாது. குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குப் போவதும், உயிர் போவதும்கூட மலையகத்தில் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி.

ஊவாக்காற்று எழுதியது:

மேற்கணக்கு ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில் மலை இலக்கமும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. நான் பண்டாரவளையைச் சேர்ந்தவன். என் கருத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த மாதத்தில் மலையின் எந்தப் பக்கம் போவது என்பதுதான். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும். அதே ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மத்திய மலைத்தொடரின் மறுபக்கமான வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளில் வரண்ட காற்று வீசும், வானம் தெளிவாக இருக்கும். பட்டிபொலவுக்கும் ஓஹியாவுக்கும் இடையிலான ரயில் சுரங்கத்தின் ஒரு வாயிலில் மழையும் மறு வாயிலில் வெயிலுமாக இருப்பதை அந்த ரயிலில் போனவர்கள் கண்டிருப்பார்கள். ஜெர்மனியின் கோடை விடுமுறைக்கு வருவதானால் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்கரப்பத்தனைப் பயணத்தை ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடிமழை வரும் என்பதால் விடியற்காலையில் புறப்பட்டுப் பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

மண்சரிவைப் பற்றியும் யாராவது சொல்லியாக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றாலே நான் தோட்டப் பாதைகளுக்குள் சைக்கிளை விடமாட்டேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் பக்கத்தில் இருந்து கண்டவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த பிறகு, வரைபடத்தில் இருக்கும் பாதை மலையில் இருக்கிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

ஏ7 வீதியை இவ்வளவு வெறுக்கவும் தேவையில்லை. காலை ஆறரை மணிக்கு முன்பு அதில் போய்ப் பாருங்கள்.

ரூர்க்கரை எழுதியது:

கொட்டகலையான் அண்ணாவுக்கு வணக்கம். நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன். சவர்லாண்ட் மலைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஐயா சொன்ன கதை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஜெர்மனியின் காட்டுப் பாதைகளில் பெரும்பகுதி மர லொறிகளுக்காக அமைக்கப்பட்டவை. நன்றாகச் சரளை போட்டு அகலமாகப் போகும் பாதை, வெட்டி அடுக்கிய மரக்குவியலுக்குப் பக்கத்தில் லொறி திரும்புவதற்கான வட்டத்தோடு திடீரென்று முடிந்துபோகும். மலையகத்தில் கொழுந்து மடுவம், ஜெர்மனியில் மரக்குவியல், அமைப்பு ஒன்றேதான். ஜெர்மனியில் நம்மைக் காப்பாற்றுவது பாதையல்ல, பலகை. ஷ்வார்ட்ஸ்வால்டில் நீங்கள் பார்த்த கம்பங்களுக்குப் பின்னால், 1864இல் உங்கள் ஃப்ரைபுர்க்கிலேயே தொடங்கிய ஒரு நடைப்பயணச் சங்கத்தின் உழைப்பு இருக்கிறது. மஞ்சள், நீலம், சிவப்புச் சாய்சதுரங்களை மரத்துக்கு மரம் பார்த்துப் பராமரிப்பவர்கள் அதன் தொண்டர்கள். பல காடுகளில் மீட்பு இடம் என்று இலக்கமிட்ட பலகையும் உண்டு. 112ஐ அழைத்து அந்த இலக்கத்தைச் சொன்னால் வாகனம் எங்கே வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இலங்கையில் அது கிடையாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் எங்கே நிற்கிறோம் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். தோட்டத்தின் பெயரும் மலை இலக்கமும் அப்போது கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் பழகியவர்கள் மலையகத்தில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அது சூரியன். ஜெர்மனியில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். நிழலைப் பார்த்தே வடக்கைச் சொல்லிவிடலாம். மலையகம் ஏறத்தாழ ஏழு பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்தப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நேர் உச்சியில் நின்று நிழலே விழாமல் செய்துவிடும். கைப்பழக்கத்தில் "வெயில் தெற்கே" என்று கணக்குப் போட்டால் ஓகஸ்டில் நேர் எதிர்த்திசைக்குப் போய்விடுவீர்கள். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை மூன்றுக்குப் பின்பும் மட்டும் சூரியனை நம்புங்கள்; நடுப்பகலில் திசைகாட்டியை நம்புங்கள்.

வெளிச்சமும் அப்படியே. ஜூன் மாதத்தில் ஃப்ரைபுர்க்கில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் வழி தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். மலையகத்தில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்து, அரை மணி நேரத்துக்குள் கும்மிருட்டாகிவிடும்.

கொட்டகலையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சூரியனைப் பற்றி மலையகத்திலேயே வளர்ந்த நான் யோசித்ததே இல்லை. லொறி போகும் பாதை எது என்று கேட்கவேண்டும் என்ற ஐயாவின் குறிப்பும் மனதில் பதிந்துவிட்டது.

இன்னும் ஒரு சந்தேகம். ஷ்வார்ட்ஸ்வால்டில் அதே செயலி எனக்கு அநேகமாகச் சரியாகவே வழி காட்டுகிறது. இரண்டு மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலச் சட்டப்படி கூடாது என்பதால், சில இடங்களில் அது காட்டும் ஒற்றையடிப் பாதையை நானாகவே தவிர்க்கவேண்டி வரும், அவ்வளவுதான். மலையகத்தில் மட்டும் படிக்கட்டின் மேல் கோடு போட்டது ஏன்? முன்கூட்டியே வழியைப் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பு தயாரித்துக்கொண்டு போவதில் பயன் உண்டா?

கோட்டுப்படம் எழுதியது:

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் மலையகப் பகுதிகளை வரைபவர்களில் நானும் ஒருவன். பயண வழி போடும் செயலிகள் பலவும் அந்த வரைபடத்தைத்தான் பயன்படுத்துகின்றன. தோட்டப் பாதைகளில் கணிசமானவை, நேரில் வராதவர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்தவை. மேலிருந்து பார்க்கும்போது தேயிலைக்கு நடுவே தெரியும் வெளிறிய கோடு லொறிப் பாதையா, நடைபாதையா, தண்ணீர் ஓடும் கானா என்பது தெரியாது. படிக்கட்டை வெறும் நடைபாதையாகப் பதிந்து, அதன் இரு முனைகளையும் லொறிப் பாதைகளோடு இணைத்துவிட்டால், செயலி அதைச் சைக்கிள் போகக்கூடிய இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் பல பாதைகளின் தரையும் அகலமும் யாராவது ஒருவரால் நேரில் பார்த்துக் குறிக்கப்பட்டிருக்கும். வித்தியாசம் செயலியில் இல்லை. உயரக் கணக்கும் அப்படித்தான்: விண்ணிலிருந்து அளந்த உயரத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே முப்பது மீற்றர் இருப்பதால், ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் அதில் நிரவப்பட்டுப் போகின்றன. செயலி காட்டும் ஏற்றத்தைவிடக் கால் உணரும் ஏற்றம் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கோப்பு தயாரிப்பதில் பயன் உண்டு. ஆனால் கோட்டை வீட்டில் இருந்தே துண்டு துண்டாகச் சரிபாருங்கள். லொறிப் பாதை நடைபாதையாக மாறும் இடங்களைத் தேடிக் குறித்துக்கொண்டால், சிக்கல் வரப்போகும் இடங்கள் முன்பே தெரிந்துவிடும். அவை பெரும்பாலும் தோட்ட எல்லைகளாகவே இருக்கும். டயகமவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் தெரியும் கோடுகளை விட்டுவிடுங்கள். அது தேசியப் பூங்கா, அனுமதிச்சீட்டு இல்லாமல் காட்டு வழியாக நுழையக்கூடாது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதைக்கு 22 பகுதிகளுக்கும் கோப்புகள் கிடைக்கின்றன; முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதை பழைய தோட்டப் பாதைகளை இணைத்தே அமைக்கப்பட்டது. எல்லாப் பகுதியிலும் சைக்கிள் போகாது என்றாலும், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு உண்மையிலேயே கடக்க முடியும் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளங்களில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

அந்தக் கொழுந்து மடுவத்தின் இடக்குறிப்பு கைபேசியில் இருந்தால் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். படிக்கட்டைப் படிக்கட்டாகப் பதிந்துவிடுகிறேன்.

மேற்கணக்கு எழுதியது:

தம்பி கோட்டுப்படம் செய்யும் வேலையைப் பார்த்து மகிழ்ச்சி. அப்படியே ஃபெக்டரிகளையும் தோட்ட ஆபிஸ்களையும் குறித்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

கொட்டகலைத் தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. புறப்படுவதற்கு முதல் நாளே அக்கரப்பத்தனை டவுனில் கொழுந்து லொறிச் சாரதி ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த எல்லையில் கேட் பூட்டியிருக்கிறது, எந்தப் பாதையில் ட்ரக்டர் மட்டும் போகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உள்ளே போகும்போது தோட்ட ஆபிஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். தடுக்கமாட்டார்கள், தேடவேண்டி வந்தால் எங்கே தேடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். வேலை நாளில் மதியமும் மாலையும் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கு லொறி வரும், மலை முழுக்க ஆட்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வழி கேட்பதற்கு அந்த நாயைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.